அகலியில் எந்தப் பக்கம் தெற்கு

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் அடித்துத் திரும்பி வந்தது. ஒரு நகைக்கடைக்காக ஐந்நூறு அடித்தோம். முதலாளி படத்துக்குக் கீழே அவர் தம்பியின் பெயர் விழுந்துவிட்டது. அண்ணன் வாங்க மறுத்தார். தம்பி மட்டும் நாற்பது வாங்கிக்கொண்டார். மிச்சம் எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆடும் மேசைக்கால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு டைரி.

சிவகாசியில் பிறந்தவர்கள் இரண்டு வகை: வெடி செய்பவர்கள், அச்சடிப்பவர்கள். அச்சடிக்கிற வீட்டில் பிறந்த வெடி என்று அம்மா என்னைச் சொல்வாள். பெயர் பத்ரா. பதினாறு வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. லீவு முழுக்கக் கீழே அச்சகத்தில் எடுபிடி.

இந்த மாத முக்கிய வேலை அத்தையின் நாவல். தங்கபுஷ்பம் அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பகலெல்லாம் குடுவை கழுவிவிட்டு, மூன்று வருடமாக மாடி அறையில் உட்கார்ந்து ‘அகலியில் எழுபத்திரண்டு பேர்’ எழுதினாள். அகலி ஒரு கோள். அங்கே எழுபத்திரண்டு பேர் குடியேறுகிறார்கள். அத்தையும் அகலிக்குப் போனாள்; அப்புறம் அகலவே இல்லை.

பிப்ரவரியில் தட்டச்சுப் பிரதியை முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். “செமையா இருக்கு அத்தை” என்றேன். முப்பத்தொன்றாம் பக்கம் வரை உண்மையிலேயே செமையாக இருந்தது. அதற்குப் பிறகு எப்படி என்று தெரியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாவல் ஃபாரங்கள் மடித்து வந்துவிட்டன. பெரிய தாளில் இரண்டு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கம் அச்சாகும். மடித்தால் ஒரு ஃபாரம். நாவலுக்குப் பதினைந்து ஃபாரம். மேசையைச் சுற்றி வரிசையாக நூறு நூறாக அடுக்கி வைத்தால், பைண்டிங் பார்க்கும் ராசாத்தி அக்கா சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று எடுத்துச் சேர்ப்பார். எழுத்தைப் பார்க்க மாட்டார். கை மட்டும் ஓடும்.

பக்கத்து மேசையில் இன்னொரு புத்தகம்: ‘நாட்டுக்கோழி வளர்ப்பு: கேள்வியும் பதிலும்’. ஏழாயிரம்பண்ணைத் தீவனக் கடைக்காரர் தீவன மூட்டையோடு இலவசமாகக் கொடுப்பதற்கு. அதே அளவு, அதே தாள்.

அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். என்னவென்று எழுத மாட்டேன். அம்மா இந்த டைரியைப் புரட்டுகிறாளோ என்று சந்தேகம். பத்துப் பிரதிக்குள் அக்கா கண்டுபிடித்துக் கத்துவார், நான் சிரிப்பேன், அவ்வளவுதான் திட்டம். அதற்குள் அம்மா பாமாயில் வாங்க ரேஷன் கடைக்கு விரட்டிவிட்டாள். அங்கே நீள வரிசை.

ஏப்ரல் 23, புதன்

முந்தாநாள் வரை சாப்பாட்டில் உப்பு அதிகம். இன்று உப்பே இல்லை. அம்மாவிடம் சராசரி சரியாக இருக்கிறது என்றேன். கரண்டி பறந்தது.

மே 4, ஞாயிறு

நாவல் வெளியீட்டு விழா. நூலகத்தின் மாடி ஹால். பேசியவர்கள் நான்கு பேர். ஒருவரும் படிக்கவில்லை என்பது அவர்கள் புத்தகத்தைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. புதுக்குழந்தையை மாப்பிள்ளை வீட்டார் பிடிப்பதுபோல் பிடித்தார்கள். ஒருவர் அகலி என்பதை அகல்விளக்கு என்று நினைத்துக் கார்த்திகை தீபத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அத்தை பொன்னாடைக்குள் வியர்த்தபடி எல்லோருக்கும் தலையாட்டினாள்.

முதலில் பைண்டிங் முடிந்த நூறு பிரதிகளும் போய்விட்டன. மற்ற இருநூறும் அத்தையின் கட்டிலுக்கு அடியில்.

“நீ ஏன் அத்தை இன்னும் பிரிச்சே பாக்கலை?”

“அச்சானதைத் தொறந்தா பிழைதான் மொதல்ல கண்ணுல படும். ஒரு மாசம் போகட்டும்.”

மே 14, புதன்

முதல் வாசகர் கடிதம். வாசகர் வட்டத் தலைவர் முனைவர் கதிரேசன் மூன்று தாளில் எழுதியிருக்கிறார். அத்தை கை துடைத்துக்கொண்டு வாங்கி, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

“‘நாவலின் உச்சம் கோழி அத்தியாயம். விண்வெளிக் கதை சட்டென நின்று, கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் எவ்வளவு தேவை என்ற கேள்விக்குத் தாவுவது தமிழில் இதுவரை காணாத துணிச்சல். பக்க எண்கள்கூட 144இலிருந்து 33க்குப் பின்னோக்கி ஓடுகின்றன. புதிய கோளில் காலம் தலைகீழாகிறது என்பதை இதைவிட நுட்பமாகச் சொல்ல முடியாது.’”

“எந்தக் கோழி?” என்றாள் அத்தை. “அகலியில கோழியே கெடையாதே.”

நான் கடிதத்தை நான்காக மடித்தேன்.

“உருவகமா இருக்கும் அத்தை.”

“எதுக்கு உருவகம்?”

“அதை அவர்கிட்டதான் கேக்கணும்.”

மே 15, வியாழன்

ஒரு தபால்காரர் அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பியது: “கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய் அகலி வரைக்கும் வந்துவிட்டது என்று படித்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. மனிதன் எங்கே போனாலும் தப்ப முடியாது.”

அத்தை கட்டிலில் கிடந்த பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாளைக்கு வாழைப்பழம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் ஒரு சீப்பு இருந்தது.

மே 16, வெள்ளி

அத்தை புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். வெளியில் போன நூறு பிரதியிலும் பத்தாவது ஃபாரம் இல்லை. 145 முதல் 160 வரை இல்லை. அந்த இடத்தில் கோழிப் புத்தகத்தின் மூன்றாவது ஃபாரம். யாரோ இரண்டு அடுக்கை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நூறுக்கு நூறு மாறியதால் கடைசியில் எதுவும் மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. கோள் நாவல் கோழி நாவலாகிவிட்டது.

அத்தை கத்தவில்லை. 144ஐயும் 33ஐயும் ஒரு முறை தடவிப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். டிபன் டப்பா மேசை மேலேயே இருந்தது.

அப்பா கீழே போய் ராசாத்தி அக்காவைப் பிடித்துக்கொண்டார். “இருவது வருசமா சேக்கிற கை, கோழிக்கும் கோளுக்கும் வித்தியாசம் தெரியலையா?” அக்கா அழுதிருந்தால் பரவாயில்லை. “நாந்தான் கவனிக்கலை போல முதலாளி” என்று சொல்லிவிட்டுப் பசைச் சட்டியைக் கழுவப் போனார்.

மே 17, சனி

சொல்லிவிட்டேன். காலையில் இட்லிக்கு நடுவில், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். “யாரோ இல்லை, நான்தான்.”

அப்பா கையை ஓங்கினார். அத்தை, “விடுண்ணே” என்றாள்.

“என்ன விடறது? உன் மூணு வருச உழைப்பு, புஷ்பம்.”

“நல்லதாப் போச்சு. அந்த அத்தியாயத்தை யாரும் படிக்க வேண்டாம்னு இருந்துருக்கு. கோழியப் படிச்சவங்க சந்தோசமாத்தான இருக்காங்க.”

இருநூறு பிரதியில் பத்தாவது ஃபாரம் சரியாக இருக்கிறது, அதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றாள். இனிமேல் எழுதப்போவதும் இல்லையாம். ஆய்வகத்திலேயே வேலை நிறைய இருக்கிறதாம். என்னைப் பார்த்து, “இன்னொரு இட்லி வச்சுக்கோ” என்றாள்.

ராசாத்தி அக்காவின் காலில் விழப் போனேன். “காலை விடு, மேசையத் துடை” என்றார். துடைத்தேன்.

மே 18, ஞாயிறு

அத்தை திட்டவில்லை.

மே 19, திங்கள்

இன்றும் இல்லை. துணி மடித்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ்” என்றாள். அத்தை எனக்குத் தேங்க்ஸ் சொல்லிப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மே 21, புதன்

அத்தை வேலைக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஒரு பிரதியை உருவினேன். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

அகலியில் சூரியன் நகராது. ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும். பத்தாவது ஃபாரத்தில் அங்கே முதல் சாவு விழுகிறது. செத்தவனுக்குப் பெயர் இல்லை. குழாய் பதிப்பவன், அவ்வளவுதான். மனைவி பெயர் செவ்வந்தி. தெற்கே தலை வைத்துப் புதைக்க வேண்டும். சூரியன் நகராத ஊரில் கிழக்கு எது, தெற்கு எது? திசைகாட்டி முள்ளும் சும்மா சுற்றுகிறது. மீதி எழுபது பேரும் பிணத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு தெற்குக்குச் சண்டை போடுகிறார்கள். செவ்வந்தி மண்ணில் மண்டியிட்டுக் கையால் ஒரு கோடு கிழிக்கிறாள். 160ஆம் பக்கம் முடிகிற இடம் இது: “‘இந்தப் பக்கம்,’ என்றாள். எல்லோரும் அவள் கை காட்டிய திசையைப்”

அத்தையின் கணவர் சேது மாமா ஓமனில் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தார். 2020 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். விமானம் எல்லாம் நின்றிருந்தது. சோகார் என்ற ஊரில் கம்பெனிக்காரர்களே புதைத்துவிட்டு, குழியின் எண்ணை அனுப்பினார்கள். வீட்டில் மாமாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தை போனில் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எதிர்முனைக்குத் தமிழ் தெரியவில்லை. மறுபடி கேட்டாள். லைன் போய்விட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது, கதவோரம் நின்றேன். அவள் என்ன கேட்டாள் என்று இன்றுதான் புரிந்தது.

கண்ணில் பேப்பர் தூசி. அச்சக வீடு அல்லவா.

மே 28, புதன்

அச்சக போனை நான்தான் எடுத்தேன்.

“கோழி புக்கு போட்ட பிரஸ்ஸா?”

“ஆமாண்ணே. என்ன வேணும்?”

“கடைசியில அந்த ஆளை எந்தப் பக்கம் தலை வச்சாக?”

“எந்த ஆளை?”

“அதாம்மா, குழாய்க்காரனை. கோழிக்குச் சீக்கு வந்தா என்ன செய்யணும்னு பாக்கத் தொறந்தேன். பாதியில சூரியன் நகராத ஊரு வருது. அந்தப் பொம்பள கையக் காட்டுது. பக்கத்தத் திருப்புனா ‘முட்டையிடும் பெட்டி எப்படி அமைப்பது’ன்னு போட்டுருக்கு. ரெண்டு நாளா உறக்கமில்ல தாயி.”

தொலைந்த நூறு ஃபாரமும் எங்கே போயின என்று நான் யோசிக்கவே இல்லை. கோழிப் புத்தகத்துக்குள் போயிருக்கின்றன. ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி நூறு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அத்தையின் அத்தியாயம் இருக்கிறது.

மே 30, வெள்ளி

மூன்று நாளில் ஏழு போன். ஒருவர் மனைவியோடு பந்தயம் கட்டியிருக்கிறார். ஒரு அம்மா, “அந்தப் புள்ள செவ்வந்தி பொறவு சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார்.

மாடிக்கு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை துணியை உதறிக்கொண்டே கேட்டாள்.

“யாரை விட்டுப் பேசச் சொன்ன?”

“சத்தியமா இல்ல அத்தை. நெசமாவே போன் வருது.”

“பத்ரா. இதுல மட்டும் வெளையாடாத. போதும்.”

பதினாறு வருடமாகச் செய்த குறும்பு அத்தனையும் வட்டியோடு வந்து மாடிப்படியில் நின்றது. அத்தை இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பிளஸ் டூ. யார் நாற்காலியிலும் பசை தடவவில்லை. வகுப்பாசிரியை உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் பரமசிவன் அண்ணாச்சியே வந்துவிட்டார். ஏழாயிரம்பண்ணைத் தீவனக் கடை. கையில் கோழிப் புத்தகம். நடுப்பக்கங்கள் மட்டும் மஞ்சள் கறை பட்டு உப்பியிருந்தன. அப்பா பயந்துபோய் வேறு புத்தகம் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

“புக்கு கெடக்கட்டும். என் கடையில ஏவாரம் நடக்கல. தீவனம் வாங்க வாரவன் மூட்டை மேல உக்காந்து தெக்கு எங்கன்னு சண்டை போடுதான். போன வாரம் ரெண்டு பேரு சட்டையப் பிடிச்சுட்டான். எழுதுனவுக யாரு? மிச்சத்தச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க.”

அத்தை ஆய்வகத்திலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நின்றாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அண்ணாச்சியின் மீசையை ஒட்டு மீசையோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“நாந்தான் எழுதுனேன்” என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தையும் நானும் பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணை போனோம். அத்தையின் பையில் ஒரே ஒரு பிரதி.

கடை முழுக்க மக்காச்சோளத் தவிட்டு வாசனை. மூட்டைகள் மேல் பதினான்கு பேர். பொன்னாடை இல்லை, மைக் இல்லை. ஒரு பெண்மணி மடியில் நிஜக் கோழியே இருந்தது. அண்ணாச்சி அத்தைக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். “நேரா நூத்தி அறுவத்தொண்ணுக்கு வாங்கம்மா. அதுக்கு முன்னால உள்ளது எங்களுக்கு மனப்பாடம்.”

அத்தை வாசித்தாள். செவ்வந்தி கை காட்டியது அவள் தினமும் தண்ணீர் எடுக்கப் போகும் பக்கம். அங்கே தலை வைத்தார்கள். அன்றிலிருந்து அகலியில் அந்தப் பக்கத்துக்குத் தெற்கு என்று பெயர். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

யாரும் கை தட்டவில்லை. கருத்தப்பாண்டி என்ற பெரியவர்தான் ஆரம்பித்தார். முதல் போன் போட்டவர் அவர்தான், குரலே காட்டிக்கொடுத்தது.

“இது சரிப்படாது தாயி. அவுகவுக இஷ்டத்துக்குத் தெக்கு வச்சா ஊரு வெளங்குமா? நாளைக்கு அடுத்த சாவு விழுந்தா?”

“அடுத்த சாவுக்கும் அதே தெக்குதான்யா. அதான் சொல்லிட்டாகல்ல” என்றார் கோழி வைத்திருந்த சீனியம்மாள். “புருசனக் குடுத்தவ காட்டுற பக்கத்துல நீ என்ன நொட்டை சொல்ற?”

“நா நொட்டை சொல்லல. கேக்கேன்.”

“கேக்கற மொகரையப் பாரு.” சீனியம்மாள் கோழியை இறக்கிவிட்டு அத்தையிடம் திரும்பினார். “உங்க வீட்டுல யாரு தாயி?”

முனைவர் கதிரேசன் மூன்று தாளில் கேட்காத கேள்வி. அத்தை புத்தகத்தை மூடினாள்.

“எங்க வீட்டுக்காரரு. பேரு சேது. ஓமன்ல, சோகார்ல. கொரோனா சமயம்.”

“எந்தப் பக்கம் வச்சாக?”

“தெரியலை. கேட்டேன். சொல்லலை.”

கோழி சிந்தின சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. பிறகு கருத்தப்பாண்டி வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்துத் தள்ளிப் பிடித்து எண்களைத் தேடினார்.

“எம் மவன் முனீசு சோகார்லதான் லாரி ஓட்டுதான். வெள்ளிக்கெழம அவனுக்கு லீவு. போய்ப் பாத்துச் சொல்லச் சொல்லுதேன். குழி நம்பரு இருக்கா?”

அத்தைக்கு அது மனப்பாடம். தாளைப் பார்க்காமலே சொன்னாள். கருத்தப்பாண்டி அதைத் தீவன மூட்டை மேல் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

இயற்பியல் வீட்டுப்பாடம். காந்தப்புலம். திசைகாட்டி படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு முறை வரைந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை மாடி அறையில் இருந்தாள். கல்லூரிக்கு லீவு போட்டிருக்கிறாள். போன் மடியில். ஐந்தரைக்குப் படம் வந்தது. பொட்டல் மண், வரிசையாகச் சிமெண்டுக் கட்டைகள். ஒன்றில் அந்த எண். மேலே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் அரளிப் பூவும் வைத்திருந்தார் முனீஸ். கூடவே ஒரு குரல் செய்தி. அத்தை போனை என்னிடம் நீட்டினாள், நான் அழுத்தினேன்.

“அக்கா, முனீஸ் பேசறேன். இங்க காவக்காரருகிட்டக் கேட்டேன். அவரு காட்டுனாரு. போன்லயும் தெசை வச்சுப் பாத்தேன். தப்பா நெனைக்காதீக அக்கா. தலை வடக்க இருக்கு.”

நான் அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். சத்தம் கேட்டது. அழுகை என்று நினைத்துத் திரும்பினால், அத்தை சிரிக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

“அந்த மனுசனுக்கு என்னைக்குடி தெசை தெரிஞ்சது? கல்யாணத்தன்னைக்கே மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு தெரு போயிட்டாரு. ஆளு விட்டுத் தேடிக் கூட்டிட்டு வந்தோம்.”

“இது எனக்குத் தெரியாதே அத்தை.”

“உனக்கு எத்தனையோ தெரியாது. பழனிக்குப் போறேன்னு தேனி பஸ்ல ஏறுனவரு.”

இன்னும் சொன்னாள். திருச்செந்தூரில் கடல் எந்தப் பக்கம் என்று போலீஸ்காரரிடம் கேட்டது. ஓமன் போன முதல் வாரம் தன் அறையைக் கண்டுபிடிக்க முடியாமல் பாகிஸ்தான்காரர் அறையில் தூங்கியது. ஐந்து வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அம்மா காபி கொண்டுவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்தாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“ஏன்டி குரங்கே, எடுத்து மாத்தறதுக்கு உனக்கு வேற ஃபாரமே கெடைக்கலையா? பதினஞ்சு ஃபாரம் இருக்கு, அத விட்டுட்டு அந்தப் பத்துலதான் போய்க் கைய வைப்பியா? எருமை. மூணு வருசம் உக்காந்து எழுதுனேன்டி. படிச்சேன் படிச்சேன்னு வேற பொய்.”

இன்னொன்று வைத்தாள். பிறகு தரையில் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்து, எனக்கு முன்னால் தள்ளினாள். “நாளைக்குச் சனிக்கெழம, லீவுதான. ஏழாயிரம்பண்ணைக்கு நூறு. ஒவ்வொருத்தர் பேரும் நீயே உன் கையால எழுதணும். மொதல்ல கருத்தப்பாண்டி அண்ணனுக்கு.”

ஐம்பத்திரண்டு நாள் கழித்து விழுந்த அடி. முதுகு இன்னும் எரிகிறது. எண்ணெய் தேய்க்கட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.